'கன்ஸ்ட்ரக்டிவ் ரெஸ் ஜுடிகேட்டா' என்ற சட்டச் சொல்: தமிழில் எப்படிச் சொல்வது?

> 'உய்த்துணர் முன்தீர்ப்புத் தடை' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலைநீக்க வழக்கில் தோற்று, வேறு காரணம் சொல்லி முதலாளி மேல் மறுபடி வழக்குப் போட நினைப்பவருக்கு இதில் என்ன புரியும்?

'முன்தீர்ப்புத் தடை' வரைக்கும் சரி; 'ரெஸ் ஜுடிகேட்டா' என்பது அதுதான். அதே தரப்பினர், அதே பிரச்சினை, அதிகாரமுள்ள நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்துவிட்டது. திரும்ப வர முடியாது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இது. சிக்கல் அதன் 4ஆம் விளக்கத்தில் இருக்கிறது. முதல் வழக்கிலேயே சொல்லியிருக்கக்கூடிய, சொல்லியிருக்கவும் வேண்டிய வாதத்தை விட்டுவிட்டால், அதுவும் அப்போதே தீர்ந்ததாகக் கொள்ளப்படும். 'கன்ஸ்ட்ரக்டிவ்' என்பது இதைத்தான்.

உத்தரப் பிரதேச அரசு எதிர் நவாப் உசேன் வழக்கைப் பாருங்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் அவர். தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடுவது) போட்டார், தள்ளுபடியானது. பிறகு உரிமையியல் வழக்குத் தொடுத்து, 'என்னை நியமித்தவர் ஐ.ஜி., நீக்கியவர் அவருக்குக் கீழுள்ள டி.ஐ.ஜி.; டி.ஐ.ஜி.க்கு அந்த அதிகாரமே இல்லை' என்றார். வலுவான வாதம்தான். ஆனால் ரிட்டிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: கைவிட்ட வாதத் தடை.

---

> கைவிட்ட வாதத் தடை

'கைவிட்ட' என்றால் தெரிந்தே விட்டதுபோல ஒலிக்கிறது. வக்கீல் மறந்திருந்தாலும் அதே கதிதானே ஐயா? 'தவறிய வாதத் தடை' எப்படி?

---

மறதிக்கும் அதே கதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தவறிய' வேண்டாம்; எங்கள் பக்கம் ஆள் 'தவறிட்டார்' என்றால் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். 'விடுபட்ட வாதத் தடை' என்போம். தெரிந்து விட்டதும் மறந்து விட்டதும் அதில் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வழக்குத் தொடுக்க அனுமதி வாங்காமல் முதல் வழக்கைத் திரும்பப் பெற்றால் வரும் தடை வேறு. அது ஆணை 23, விதி 1. அதையும் இந்தச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். அப்புறம், தொழிலாளர் நீதிமன்றத்தில் 11ஆம் பிரிவு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டாலும் அதன் கொள்கை செல்லும். அதனால் நம் சொல்லுக்கான விளக்கத்தில் 'உரிமையியல் வழக்கு' என்று குறுக்காமல் இப்படி எழுதலாம்:

விடுபட்ட வாதத் தடை: முந்தைய வழக்கில் எழுப்பியிருக்கக்கூடிய, எழுப்பியிருக்க வேண்டிய வாதத்தை, அதே தரப்பினருக்கிடையிலான பிந்தைய வழக்கில் எழுப்புவதற்குள்ள தடை.