அயர்லாந்துக் கொடியின் மூன்றாவது பட்டை: ஆரஞ்சுக்குப் பதில் மஞ்சள் இருந்தால் என்ன?

கேள்வி
எழுதியவர்: லிஃபிக்கரை

மன்றத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் குடும்பத்துடன் டப்ளினில் குடியேறி ஓராண்டு ஆகிறது. சென்ற மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், எதிர்வீட்டு மாடிச் சன்னலிலிருந்து ஒரு கொடி நெடுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பச்சை, நடுவே வெள்ளை, கீழே ஆரஞ்சு. நம்முடைய மூவர்ணக் கொடியை யாரோ தலைகீழாகக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கணம் பதறிவிட்டேன். அது அயர்லாந்தின் கொடிதான் என்பதும், நெடுக்காகத் தொங்கவிடும்போது பச்சை மேலே வருவதே முறை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை என் மகள் கையில் கடையில் வாங்கிய ஒரு சிறு கொடி இருந்தது. அதன் மூன்றாவது பட்டை நல்ல மாம்பழ மஞ்சள். அந்த வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கொடி இல்லை, குழந்தாய்" என்று மெதுவாகச் சொல்லி, உள்ளே போய்த் தம்மிடமிருந்த துணிக்கொடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் விளையாட்டாகச் சொன்னதாகவும் தோன்றவில்லை.

பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு புராட்டஸ்டன்டினருக்கு, வெள்ளை அமைதிக்கு என்னும் ஒருவரி விளக்கம் எனக்கும் தெரியும். ஆனால் நிறம் சற்று மாறியதற்கு ஒருவர் இவ்வளவு வருந்துவானேன்? இந்தக் கொடியை முதலில் ஏற்றியவர் யார், எந்தச் சூழலில் ஏற்றினார்? நம் கொடிக்கும் இதற்கும் ஏதேனும் உறவு உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1
எழுதியவர்: பழஞ்சுவடி

அன்புள்ள நண்பருக்கு, பெரியவர் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஆரஞ்சு என்பது பழத்தால் பெயர்பெற்ற வெறும் நிறம் அன்று, ஓர் அரச குடும்பத்தின் பெயர். தெற்குப் பிரான்சிலுள்ள ஆரஞ்சு என்னும் சிற்றரசின் பட்டத்தைத் தாங்கிய டச்சுக் குடும்பத்தில் பிறந்த மூன்றாம் வில்லியம், கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸை 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் தோற்கடித்தார். அயர்லாந்தில் புராட்டஸ்டன்ட் ஆதிக்கத்தை உறுதிப்படுத்திய அந்த வெற்றியின் நினைவாகவே, 1795இல் ஆர்மா பகுதியில் தோன்றிய ஆரஞ்சு சங்கம் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆகவே ஆரஞ்சு என்றாலே அங்கே இன்னார் என்று பொருள்படும். மஞ்சளுக்கு அப்படி உரியவர்கள் யாரும் இல்லை.

பச்சையைக் கத்தோலிக்கரின் நிறம் என்று மட்டும் சொல்வது அரைகுறையான விளக்கம். 1640களில் ஐரிஷ் படைத்தலைவர் ஓவன் ரோ ஓநீல் பச்சைத் துணியில் பொன் யாழ் பொறித்த கொடியைப் பயன்படுத்தினார். 1791இல் பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் பிரிவுகளுள் ஒன்றான பிரெஸ்பிட்டேரியன் சபையினர். அவர்களுடைய நிறமும் பச்சைதான். மத வேறுபாடின்றி விடுதலை கோரியவர்களின் நிறமாகவே அது வளர்ந்தது.

இனி 1848க்கு வருவோம். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய், அயர்லாந்து பெரும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்து மன்னராட்சி வீழ்ந்த செய்தி, அயர்லாந்தின் விடுதலைக்காக இயங்கிய இளம் அயர்லாந்து இயக்கத்தினருக்குப் புதுத் தெம்பளித்தது. அவர்களுள் ஒருவரான தாமஸ் பிரான்சிஸ் மாருக்கு அப்போது வயது 24. (ஆங்கில எழுத்துகளைப் பார்த்து மீகர் என்று படிக்கத் தோன்றும், அயர்லாந்தில் மார் என்றே ஒலிக்கிறார்கள்.) 1848 மார்ச் 7 அன்று தம் சொந்த ஊரான வாட்டர்ஃபோர்டில், மால் தெரு 33ஆம் எண் கட்டடத்திலிருந்த உல்ஃப் டோன் மன்றத்தின் சன்னலிலிருந்து அவர் மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். எட்டு நாள்கள் பறந்த பிறகு ஆங்கிலேய அதிகாரிகள் அதை இறக்கினர்.

பிரெஞ்சுப் பெண்கள் நெய்து கொடுத்த பட்டுக்கொடியே இது என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே இரண்டு நிகழ்ச்சிகள் குழம்பிவிடுகின்றன. வாட்டர்ஃபோர்டில் கொடி பறந்த பிறகுதான் மாரும் அவ்வியக்கத் தலைவர் வில்லியம் ஸ்மித் ஓபிரையனும் பிரான்சின் ஆதரவைத் தேடிப் பாரிஸுக்குச் சென்றனர். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சரும் கவிஞருமான லமார்ட்டின் அவர்களை மரியாதையாக வரவேற்றாரே தவிர உதவி ஏதும் தரவில்லை. திரும்பிவந்து ஏப்ரல் 15 அன்று டப்ளின் ஆபி தெருவில் நடந்த கூட்டத்தில் மார் வழங்கியதுதான் பட்டுக்கொடி. அதில் ஆரஞ்சு கம்பத்தை ஒட்டியிருந்தது. வெள்ளைப் பட்டையில் அல்ஸ்டர் மாகாணத்தின் சின்னமான சிவப்புக் கை பொறிக்கப்பட்டிருந்தது.

அன்று அவர் பேசியதைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நடுவிலுள்ள வெள்ளை, ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இடையே நிலையான போர்நிறுத்தத்தைக் குறிக்கிறது என்றும், இந்தக் கொடியின் நிழலில் ஐரிஷ் புராட்டஸ்டன்டினரின் கையும் ஐரிஷ் கத்தோலிக்கரின் கையும் சகோதரத்துவத்தோடு கோத்துக்கொள்ளும் என நம்புவதாகவும் அவர் கூறினார். நாம் எளிதாக "வெள்ளை என்றால் அமைதி" என்று சொல்லிவிடுகிறோம். அவர் தேர்ந்த சொல் போர்நிறுத்தம். அமைதியைப் பொதுவாகப் பேசலாம். போர்நிறுத்தம் என்றால் மோதிக்கொண்ட இரு தரப்பும் எதிரெதிரே நின்றாக வேண்டும். ஆரஞ்சை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தால் ஒரு தரப்பு காணாமற்போகிறது. வெள்ளைக்கு வேலையே இல்லை. மஞ்சளைப் பயன்படுத்தினால் கொடியின் அடிப்படைக் குறியீடே அழிந்துவிடும் என்று அயர்லாந்து அரசின் கொடி விளக்க வெளியீடும் கூறுகிறது.

மாரின் பிற்கால வாழ்க்கை தனியாக எழுத வேண்டிய கதை: அவ்வாண்டு ஜூலைக் கிளர்ச்சி தோற்றது, தேசத்துரோகக் குற்றத்துக்கு மரண தண்டனை, அது டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தலாகக் குறைப்பு, 1852இல் அங்கிருந்து தப்பி அமெரிக்கா, உள்நாட்டுப் போரில் ஐரிஷ் படைப்பிரிவின் தலைமை, 1867இல் மிசௌரி ஆற்றில் மூழ்கி மரணம்.

அவர் தந்த கொடியோ ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் மூலையில் கிடந்தது. மக்கள் யாழ் பொறித்த பச்சைக் கொடியையே விரும்பினர். மூவர்ணத்திலும் ஓர் ஒழுங்கு இல்லை. 1850இல் பிரெஸ்பிட்டேரியன் சபையினருக்காக நீலத்தையும் சேர்க்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். 1883இல் ஐரிஷ் தன்னாட்சி கோரிய தலைவர் பார்னெலின் ஆதரவாளர்கள் மஞ்சள், வெள்ளை, பச்சை என்று கிடைமட்டமாக ஒரு கொடி பிடித்தனர். நிலைமையை மாற்றியது 1916. ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாளர்கள் டப்ளின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றியபோது அதன் கூரையில் இரண்டு கொடிகள் பறந்தன: அயர்லாந்துக் குடியரசு என்று எழுதிய பச்சைக் கொடி ஒன்று, மூவர்ணக் கொடி மற்றொன்று. பச்சைக் கொடியைப் பிரிட்டிஷ் படை எடுத்துச் சென்று 1966இல்தான் திருப்பித் தந்தது. மக்கள் மனத்தில் பதிந்ததோ மூவர்ணம். 1922இல் அமைந்த சுதந்திர அரசு அதைப் பயன்படுத்தியது. ஆனால் அன்றைய அரசியலமைப்பில் கொடி பற்றி ஒரு வரிகூட இல்லை. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7ஆம் பிரிவுதான் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவர்ணமே தேசியக் கொடி என்று நிறத்தின் பெயரைச் சொல்லி விதித்தது.

மறுமொழி 2
எழுதியவர்: வடகரைவாசி

முந்தைய நண்பர் சிறப்பாக விளக்கியிருக்கிறார். நான் பிரிட்டனோடு இணைந்திருக்கும் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் பத்தாண்டுகளாக வசிப்பவன். இங்கிருந்து பார்த்தால் தெரிவதையும் சேர்த்துச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

கொடி யாரை நோக்கிக் கை நீட்டுகிறதோ, அந்த வடபகுதிப் புராட்டஸ்டன்டினரில் மிகப் பெரும்பாலோர் அதைத் தம் கொடியாக ஏற்கவில்லை. நாடு பிரிக்கப்பட்ட பின் வட அயர்லாந்தில் 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதில் மூவர்ணத்தின் பெயர் இல்லை. ஆனால் அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய எந்தக் கொடியையும் அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தந்து, பிரிட்டனின் கொடிக்கு மட்டும் விலக்களித்ததால், நடைமுறையில் அது யாரைக் குறிவைத்தது என்பது எல்லாருக்கும் விளங்கியது. 1964இல் டிவிஸ் தெருவில் ஒரு தேர்தல் அலுவலகச் சன்னலில் வைத்திருந்த மூவர்ணத்தை அகற்ற வேண்டும் என்று புராட்டஸ்டன்ட் போதகர் இயன் பெய்ஸ்லி போராட்டம் அறிவித்தார். காவலர்கள் கதவை உடைத்து அதை எடுத்தனர். நாள் கணக்கில் கலவரம் நீடித்தது. அந்தச் சட்டம் 1987இல்தான் நீக்கப்பட்டது.

ஜூலை 11 இரவு, பாய்ன் வெற்றியை நினைவுகூர்ந்து இங்கே மரப்பலகைகளை மாடி உயரத்துக்கு அடுக்கிச் சொக்கப்பனை போலக் கொளுத்துவார்கள். அவற்றில் பலவற்றின் உச்சியில் இந்தக் கொடியையே கட்டி எரிப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் சேர்ந்தே எரிகின்றன. ஆரஞ்சுப் பட்டை தங்களுக்கானது என்று எரிப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் நிறத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் பக்க வாதம். ஒரு தரப்பினர் மட்டும் பல்லாண்டுகள் தோளில் சுமந்த கொடியை, மறு தரப்பினர் அந்தத் தோளோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இதற்காக மாரின் எண்ணம் பொய்யாகிவிடாது. ஆனால் அது நிறைவேறிவிட்டதாக எழுதுவது பிழை.

ரக்பி ஆட்டத்தில் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். தீவு முழுவதற்கும் ஒரே அணி என்பதால், டப்ளினில் ஆட்டம் நடக்கும்போது மூவர்ணத்தோடு அல்ஸ்டர் மாகாணக் கொடியும் பறக்கும்.

மறுமொழி 3
எழுதியவர்: நெடுநல்வாடை

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் சுருக்கமாக விடை தருகிறேன். ஒரு கொடியைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம் அரசியலமைப்பின் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பிலிருந்து பெறப்பட்டவை என்பது உண்மை. அந்த உறவைக் கொடிக்கும் நீட்டிவிடுகிறார்கள்.

கருத்தளவில் இரண்டும் எதிர்த்திசையில் சென்றன என்பதே என் கணிப்பு. 1921இல் காந்தியடிகள் முன்வைத்த கொடியில் நிறங்கள் சமயத்தாரைக் குறித்தன. 1931இல் காவி, வெள்ளை, பச்சையை ஏற்றபோது, நிறங்களுக்குச் சமயப்பொருள் கிடையாது என்று காங்கிரஸ் தெளிவாகத் தீர்மானித்தது. அயர்லாந்தோ அந்தப் பொருளை மறைக்காமல் வைத்துக்கொண்டது. ஆகவே நம் பத்திரிகைகள் அயர்லாந்துக் கொடியைக் "காவி" என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். காவி துறவின் நிறம். அங்கே துறவுக்கு இடமில்லை.

உண்மையில் குழப்பம் நேர்வது ஐவரி கோஸ்ட் கொடியோடுதான். அதில் ஆரஞ்சு கம்பத்தை ஒட்டி வரும். அயர்லாந்துக் கொடியின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு, ஐவரி கோஸ்ட் கொடியின் நீளமோ ஒன்றரை மடங்கு. 2018இல் பர்மிங்காம் உள்ளரங்க உலகத் தடகளப் போட்டியில் வென்ற ஐவரி கோஸ்ட் வீராங்கனை முரியேல் அஹூரே, கையில் தம் நாட்டுக் கொடி இல்லாததால், பார்வையாளர் ஒருவரின் அயர்லாந்துக் கொடியை வாங்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: லிஃபிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் விளக்கங்களைப் படித்த பின், பெரியவர் கொடுத்த கொடியை எடுத்து மேசைமேல் விரித்துப் பார்த்தேன். கையால் தைத்தது, மூன்று தனித்தனித் துணிகளை மூட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டு ஆரஞ்சுப் பட்டை வெளிறி ஏறக்குறைய மஞ்சளாகவே மாறிவிட்டது. தையலை ஒட்டி மடித்த ஓரத்தை விரலால் விலக்கினால், உள்ளே அது இன்னும் அடர்ந்த ஆரஞ்சாக இருக்கிறது. அந்த இடத்தைத்தான் மகளுக்குக் காட்டினேன்.