வட்டார வழக்கு நாவலுக்கு உயிரா, வேலியா?

கும்பகோணத்தான்:
தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் இடம் வந்தால் இன்றும் அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. போன வாரம் மகள் வாங்கித் தந்த, கடற்கரைப் பேச்சில் ஜோ டி குரூஸ் எழுதிய ஆழிசூழ் உலகு நாவலை நாற்பதாவது பக்கத்தில் மூடிவைத்துவிட்டேன். பக்கத்துக்கு ஐந்தாறு சொற்கள் பிடிபடவில்லை. கல்கி 1950-இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கினார். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் தடையில்லாமல் படிக்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிற நடை இருக்கும்போது ஒரு கரைக்கு மட்டும் ஏன் எழுத வேண்டும்?

கடலோரத்தாள்:
ஐயா, மோகமுள்ளும் வட்டார நாவல்தான். அதில் கேட்பது தஞ்சாவூர்ப் பேச்சு. உங்கள் வீட்டுப் பேச்சு என்பதால் உங்கள் காதில் அது வழக்காக விழவில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்த நான், மன்னி என்றால் அண்ணி என்பதையே கல்லூரித் தோழியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதற்காக நான் எந்தப் புத்தகத்தையும் மூடவில்லை.

கும்பகோணத்தான்:
மறுக்கவில்லை, அம்மா. ஆனால் ஜானகிராமன் பாத்திரங்களைத்தான் ஊர்ப் பேச்சில் பேசவிடுகிறார்; கதை சொல்லும்போது பொதுத்தமிழுக்கு வந்துவிடுகிறார். கி.ரா.வை, அதாவது கி. ராஜநாராயணனைப் பாருங்கள், கதை சொல்லும் குரலே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு. வாசகன் கால் ஊன்ற ஓர் இடமாவது வேண்டாமா?

கரிசல் வாசகன்:
அவருடைய கோபல்ல கிராமம் நாவலில் அந்தக் குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்தவர்கள் காட்டை அழித்து ஊர் கட்டிய தகவல் மட்டும் மிஞ்சும். அந்தக் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்க வேண்டும். கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்து 1982-இல் வெளியிட்டாரே, வாசகனை அவர் கைவிடவில்லை.

கும்பகோணத்தான்:
அகராதி தேவைப்பட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். என் கட்சியும் அதுதான்.

கரிசல் வாசகன்:
பூமணியின் வெக்கை நாவலும் கரிசல் பேச்சுதான், 1982-இல் வந்தது. அதை வைத்து 2019-இல் எடுத்த அசுரன் படத்தை ஊர் ஊராகப் பார்த்தார்கள். திரையில் தெற்கத்திப் பேச்சு புரிந்தது, தாளில் புரியாதா? நமக்குப் பழக்கம்தான் போதவில்லை.

கடலோரத்தாள்:
நீங்கள் மூடிய புத்தகத்துக்கே வருகிறேன், ஐயா. கடலில் காற்று அடித்தது என்று எழுதினால் உங்களுக்குப் போதும். எங்கள் கரையில் அது பாதிச் செய்திதான். வாடை வடக்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. எங்களுக்குக் கிழக்கே கடல். பாய் விரித்த கட்டுமரத்தைக் கொண்டல் கரைக்குத் தள்ளும். கச்சான் கரையை விட்டு இழுத்துப் போகும். கச்சான் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் என் பாட்டி வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். அந்த இடத்தில் மேல்காற்று என்று மாற்றி எழுதினால் அர்த்தம் இருக்கும், பாட்டியின் பயம் இருக்காது. கொண்டல் சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். அதை மறக்காமல் வைத்திருந்தது கடற்கரை. அந்தச் சொல்லை வேலி என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கும்பகோணத்தான்:
பாட்டி வாசலில் நிற்பதைப் படித்தபின் எனக்குப் பதில் எழவில்லை. இருந்தாலும் பதிப்பாளர்கள் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்க அடியிலேயே பொருள் தர வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன், முதல் பக்கத்திலிருந்து. கச்சான் எந்த மாதம் தொடங்கும் என்று சொல்லுங்கள், அம்மா.