சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்துகிறார்கள், 25 பிள்ளைகள் விதியில் யாருக்காவது அனுபவம் உண்டா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எங்கள் பகுதி ஆரம்பப் பள்ளியில் நடந்துவந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைக் கல்விச்சபை வரும் செப்டம்பரிலிருந்து நிறுத்துகிறது. மே மாதக் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். பதிவு குறைவாம். வேறு பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள், அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும், சனி காலையில் பஸ் வரும் அழகு உங்களுக்கே தெரியும்.

அதிபரிடம் கேட்டோம், முடிவு தொடர்கல்விப் பிரிவுடையது என்றார். அங்கே போன் அடித்தால் குரல்பதிவுதான். ட்ரஸ்டி (கல்விச்சபைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்) மரியாதையாகப் பதில் போட்டார், ஆனால் "கவனத்தில் எடுக்கிறோம்" என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. சபைக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டோம், நிகழ்ச்சி நிரல் நிரம்பிவிட்டதாம். சபையில் மாணவர்களின் பிரதிநிதியான மாணவர் ட்ரஸ்டி எங்களுக்காகப் பேசினார், நல்ல பிள்ளை, ஆனால் மாணவர் ட்ரஸ்டிகளுடைய வாக்கு சபையைக் கட்டுப்படுத்தாதே. பொது அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மனிடம் 2015 முதல் கல்விச்சபைகள் பற்றி முறையிடலாம், ஆனால் அதற்கு முன் சபையிடமே எழுத்தில் கேட்டு முடிக்க வேண்டும்.

மாகாண விதிப்படி 25 பிள்ளைகளுக்காவது பெற்றோர் எழுத்தில் கேட்டால் சபை மொழி வகுப்பு தொடங்க வேண்டும். எங்களிடம் 31 பிள்ளைகளுக்குக் கையெழுத்து இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதில் ஒன்பது பேர் வேறு சபையான கத்தோலிக்கக் கல்விச்சபையின் பள்ளிகளில் படிக்கிறார்கள், அவர்களைக் கழித்தால் 22தான்.

இப்படி வேறு சபைப் பிள்ளைகளையும் சேர்த்து விண்ணப்பித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் சபை அவர்களையும் எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டதா?