நெபுலைசர் வைத்தும் மகனின் இரைச்சல் குறையவில்லை. ஆஸ்துமாதானா?

தேனிக்காரி:
மகனுக்கு ஒன்றரை வயது. பிறந்த சில வாரங்களிலேயே மூச்சில் கர்கர் என்று ஒலி. ஆஸ்துமா என்று சல்பியூட்டமாலும் புடெசோனைடும் கொடுக்கிறோம், குறைந்தபாடில்லை. சளி இல்லாத நாளிலும் கேட்கிறது. இட்லியைக் கரைத்து ஊட்டினால்தான் இறங்குகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

பழைய எக்ஸ்ரேக்காரன்:
ஒலி மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா அம்மா? எப்படிப் படுத்துத் தூங்குகிறான்?

தேனிக்காரி:
இரண்டிலும் கேட்கிறது ஐயா. தலையணையைத் தள்ளிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் தூங்குகிறான்.

பழைய எக்ஸ்ரேக்காரன்:
அப்படியானால் ரத்தக்குழாய் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கருவில் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவு இரு பக்கமும் உண்டாகும்; வலப்பக்கத்தது மறைந்து, இடப்பக்கத்தது நிற்க வேண்டும். இரண்டுமே நின்றுவிட்டால் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்து வளைத்துக்கொள்ளும். மூச்சும் முட்டும், இட்லியும் இறங்காது. வெளியிலிருந்து நெரிப்பதை நெபுலைசர் என்ன செய்யும்?

எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தால் பெரும்பாலும் உணவுக்குழாயின் பின்புறம் ஒரு பள்ளம் தெரியும். சாதாரண மார்புப் படத்திலேயே மகாதமனி வலப்பக்கம் வளைந்திருப்பது தெரியலாம். ஆனால் இரைச்சல் என்று வந்த படத்தில் எல்லோருடைய கண்ணும் நுரையீரலுக்குத்தான் போகும்; நடுவில் மூச்சுக்குழாய் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவிருக்காது! உறுதிசெய்வது, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோ.

மருந்துக்கடை மாமா:
வீணாகப் பயமுறுத்த வேண்டாம். இரைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு கிடையாது.

பழைய எக்ஸ்ரேக்காரன்:
உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகள் இட்லிக்குத் திணறுவதில்லையே.

கோவை அம்மா:
என் மகளுக்கு இருந்தது வேறு வகை. மகாதமனி வலப்பக்கம், இடப்பக்கம் ஒரு தசைநார். இரண்டும் சேர்ந்து வளையம். இடப்பக்க விலா இடுக்கு வழியாகத் தசைநாரை வெட்டிவிட்டார்கள். பிறகும் பல மாதம் இரைச்சல் இருந்தது. நெரிபட்ட மூச்சுக்குழாய் தொய்ந்துபோயிருக்கும், இறுக நாளாகும் என்றார் மருத்துவர்.

தேனிக்காரி:
யாரிடம் போவது? மருந்தை நிறுத்தலாமா?

பழைய எக்ஸ்ரேக்காரன்:
நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குழந்தை இதய மருத்துவரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உதடு நீலமானாலோ மூச்சு நின்று வந்தாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு.