அம்மாவை கண் ஊசி ஆய்வில் சேர்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் விழித்திரை நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. கதவு நிலை வளைந்து தெரிகிறது என்கிறார், மாத்திரை அட்டையைப் பெயர் படிக்க முடியாமல் நிறம் பார்த்து எடுக்கிறார், எனக்கு அதுதான் பெரிய பயம். மாதாமாதம் கண்ணில் அவாஸ்டின் ஊசி போடுகிறோம், ஸ்கேனில் வீக்கம் வற்றியது போல இருந்து சில வாரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது.

இப்போது டாக்டர், புது ஊசி ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்கிறார். நான் படித்த வரை, 2015ல் அமெரிக்காவில் வெளியான ஒப்பீட்டில், பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அவாஸ்டினைவிட அஃப்ளிபெர்செப்ட் என்ற ஊசி நன்றாகக் கேட்டது. 2022ல் அங்கே அனுமதி பெற்ற ஃபாரிசிமாப் என்ற ஊசி கண்ணில் நீர் கசிய வைக்கும் இரண்டு புரதங்களைத் தடுக்கிறது, சிலருக்கு ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் 16 வாரம் வரை இடைவெளி விடலாம். இதெல்லாம் ஆய்வில் சேர்ந்தவர்களால்தான் தெரிந்தது, அதனால் எனக்கு எதிர்ப்பு இல்லை.

ஆனால் ஆய்வில் எந்த ஊசி போடுகிறார்கள் என்றே நமக்குச் சொல்லாதபோது, நடுவில் பார்வை இறங்கினால் உடனே வேறு மருந்துக்கு மாற்றினார்களா? ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) அதிகம் என்று யாரையாவது சேர்க்காமல் விட்டார்களா? ஆய்வு முடிந்தபின் அதே மருந்து தொடர்ந்து கிடைத்ததா, கைக்காசா? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம் என்பது சட்டம், அப்புறம் நடைமுறையில் எப்படி? சிடிஆர்ஐ (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பட்டியல்) பதிவு எண்ணும் தமிழில் ஒப்புதல் படிவமும் கேட்டிருக்கிறேன். வேறு என்ன கேட்க வேண்டும்? அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும், வீட்டில் யாராவது சேர்ந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.