அக்கா பையனை நம்ம டீமுக்கு இழுக்கறது பாவமா?

பெரியமேட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இப்ப ஒரு குடும்பப் பிரச்சனை அதான் எழுதறேன். அக்கா பையனுக்கு 10 வயசு ஆகப்போகுது, பர்த்டேக்கு ஃபுட்பால் ஜெர்சி வாங்கித் தா மாமான்னு கேட்டான். நீலம்தானேடான்னு கேட்டேன். ஆமா மாமா நீலம்தான், பின்னாடி ஹாலண்ட் பேரு போட்டதுன்றான். மேன்செஸ்டர் சிட்டியாம்! நேரு ஸ்டேடியத்துல கோல் விழுந்தா எங்க மொட்டை மாடிக்கு சத்தம் கேக்கும், அப்படி ஒரு வீட்ல பொறந்துட்டு!

நான் 2014ல எலானோ ஃப்ரீகிக் அடிச்ச காலத்துலேந்து சென்னையின் எஃப்சி ஃபேன், ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக்) ஆடற நீல ஜெர்சி டீம். 2015 சீசன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாதி சீசன்ல டேபிள்ல அடியில கிடந்த டீம் அப்படியே எழுந்து வந்து செமிக்கு போச்சு, அப்ப பாத்து டிசம்பர் வெள்ளம், நம்ம ஹோம் செமிஃபைனலை புனேவுக்கு தூக்கிட்டு போனாங்க, அங்க கொல்கத்தாவை 3-0. எங்க தெருவுல தண்ணி வடிஞ்சு சேறு கூட முழுசா அள்ளல, வீட்டு டிவி தண்ணில போச்சு, ஃபைனல் டிசம்பர் 20 கோவால, மாடி வீட்டு அண்ணன் கிட்ட கெஞ்சி அவர் ஹால்ல உக்காந்து பாத்தோம். 87வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீகிக்ல கோவா 2-1. சரி அவ்ளோதான்னு எழுந்து மோட்டார் ஆஃப் பண்றேன்னு கீழ இறங்கிட்டேன். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், கோவா கோல்கீப்பர் கட்டிமணி கைல பட்டு பந்து அவங்க வலைக்குள்ளயே போச்சு, அடுத்த ரெண்டாவது நிமிஷம் மெண்டோசா அடிச்சு 3-2. நான் எங்க இருந்தேன்? மோட்டார் ரூம்ல. மேல கத்துற சத்தம் கேட்டு சண்டைன்னு நெனச்சேன். எங்க டீம் வாங்கின முதல் கப்பை நான் பாக்கவே இல்ல, பத்து வருஷம் ஆச்சு, இன்னிக்கும் மாடி அண்ணன் என்னைப் பாத்தா மோட்டார் ஓடுதா பாருடான்னுதான் ஆரம்பிப்பாரு.

2018 மார்ச் ஃபைனல்ல பெங்களூரை அவங்க ஊர்லயே வச்சு 3-2, ரெண்டாவது கப், மெய்ல்சன் ஆல்வெஸ் தலையாலயே ரெண்டு. அடுத்த சீசன் அதே டீம், அதே கோச், 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டு வின், 9 பாயிண்ட், கடைசி இடம். சாம்பியனா இருந்து கடைசி! அந்த வருஷம் ஆபீஸ்ல யாரும் என்னைக் கிண்டல் கூட பண்ணல, பாவம்னு விட்டுட்டாங்க, அதான் இன்னும் வலிச்சுது.

அப்ப கேள்வி இதுதான். சிட்டியை பிடிச்சுகிட்டு ஜாலியா இருக்கற பையனை இதுக்குள்ள இழுக்கலாமா கூடாதா? உங்க டீமால நீங்க பட்டது, அனுபவிச்சது ரெண்டையும் எழுதுங்க, படிச்சு முடிவு பண்றேன்.

கன்னர்_மதுரை:

இழுக்காதீங்க ப்ரோ, நான் லண்டன் டீம் அர்செனலோட ஃபேன், அனுபவிச்சவன் சொல்றேன். 2006 மே, பாரிஸ்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், நம்ம ஊர்ல ராத்திரி 12.15. அப்பா தூங்கணும்னு வால்யூமை சுத்தமா குறைச்சுட்டு பாக்கறேன். 18வது நிமிஷம் கோல்கீப்பர் லேமன் ரெட் கார்டு. 10 பேரை வச்சுகிட்டு சோல் கேம்பெல் தலையால ஒண்ணு அடிச்சாரு பாருங்க, சத்தம் போடக்கூடாதுன்னு தலைகாணியை கடிச்சேன், கிழிஞ்சு பஞ்சு வந்துடுச்சு. 76வது நிமிஷம் வரைக்கும் அந்த ஒரு கோல் தாங்குச்சு. ஏட்டோ ஒண்ணு, அஞ்சு நிமிஷம் கூட ஆகல பெல்லெட்டி ஒண்ணு. பார்சிலோனா 2-1. காலைல அம்மா பஞ்சு எங்கேந்துடா வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது.

அதுக்கப்புறம் ஒரு கப்புக்காக 2014 வரைக்கும் காத்துகிட்டிருந்தோம். நடுவுல மேன்செஸ்டர் யுனைடெட் கிட்ட அவங்க ஓல்ட் ட்ராஃபோர்டு கிரவுண்டுல 8-2 எல்லாம் வாங்கினோம், அதை விட்டுடுவோம். 2014 மே 17 எஃப்ஏ கப் ஃபைனல், நம்ம நாட்டுல தேர்தல் ரிசல்ட் வந்து மறுநாள், வீட்ல அப்பா சித்தப்பா எல்லாம் டிவி முன்னாடி கூட்டணி கணக்கு போட்டுகிட்டு இருக்காங்க, ரிமோட்டை பிடுங்கி சேனல் மாத்தினா எட்டு நிமிஷத்துக்குள்ள ஹல் சிட்டி 2-0! சித்தப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே. கசோர்லா ஒண்ணு திருப்பினாரு, கோஷியெல்னி ஒண்ணு, எக்ஸ்ட்ரா டைம்ல ராம்சே 109வது நிமிஷம். ஒன்பது வருஷ வறட்சி ப்ரோ. அப்பா என்னைப் பாத்து யாருடா செத்துட்டான்னு கேட்டாரு, அந்த அளவுக்கு அழுதிருக்கேன்.

2022-23 பிரீமியர் லீக்ல 248 நாள் டேபிள்ல மேல இருந்துட்டு கடைசில கப் யாருக்கு? உங்க அக்கா பையன் டீமுக்குதான். இந்த சீசன் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன், கண்ணு பட்டுடும்.

ஸ்கைப்ளூ_90ஸ்:

சிட்டின்னா உடனே பிளாஸ்டிக் ஃபேன், ஜெயிக்கற டீமா பாத்து ஒட்டிக்கற ஆளுன்னு ஆரம்பிச்சுடாதீங்கப்பா. 1999 மே கடைசில சிட்டி மூணாவது டிவிஷன்ல இருந்துச்சு தெரியுமா? வெம்ப்ளில கில்லிங்ஹாம் கூட ப்ளே ஆஃப், 89வது நிமிஷம் வரைக்கும் 0-2, பாதி பேர் கிளம்பிட்டாங்க, அப்புறம் ஹார்லாக் ஒண்ணு, இஞ்சுரி டைம்ல டிக்காவ் ஒண்ணு, பெனால்டில ஜெயிச்சு மேல வந்தாங்க. அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் யுனைடெட் பார்சிலோனா ஊர்ல சாம்பியன்ஸ் லீக் தூக்கினது. ஒரே ஊரு, ரெண்டு வீடு, யோசிச்சுப் பாருங்க. ஜெயிக்கற டீமை பிடிச்சான்னு பையனைத் திட்டாதீங்க, ஆனா டிக்காவ் கதையையும் சொல்லிக் கொடுங்க.

பெரியமேட்டுக்காரன்:

கில்லிங்ஹாம் மேட்ச்ல கிளம்பிப் போன ஆளுங்க எல்லாம் என் ஜாதி. மோட்டார் ரூம் ஜாதி.

கோவை_சிறுவாணி:

உங்களுக்காச்சும் திட்டறதுக்கு ஒரு டீம் இருக்குங்க அண்ணா. நானு சென்னை சிட்டி எஃப்சி ஃபேனு, பேருதான் சென்னை, கப்பு அடிச்ச சீசன்ல ஹோம் மேட்ச் எல்லாம் எங்கூரு கோவை நேரு ஸ்டேடியத்துலதான். 2019 மார்ச் 9, ஐ-லீக்னு இன்னொரு இந்திய லீக், அதோட கடைசி நாளு, ஜெயிச்சா கப்பு, விட்டா ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிரும். எதிர் டீம் மினர்வா மூணாவது நிமிசமே கோல் போட்டுட்டானுங்க. ஃபோன்ல ஒருத்தன் ஈஸ்ட் பெங்கால் ஆடற கோழிக்கோடு மேட்ச் ஸ்கோரை கத்தறான், இன்னொருத்தன் அவன் வாயப் பொத்தறான், நாங்க காலேஜ் புள்ளைங்க எட்டுப் பேரு ஒருத்திய ஒருத்தி புடிச்சுட்டு நிக்கறோம். செகண்ட் ஹாஃப்ல பெட்ரோ மான்ஸி பெனால்டி, அப்புறம் கௌரவ் போரா, டிஃபென்டருங்க அவரு, ரெண்டு கோலு! 3-1. ஈஸ்ட் பெங்காலும் அன்னிக்கு ஜெயிச்சுது, நாங்க ஒரே ஒரு பாயிண்ட்ல மேல. மான்ஸி அந்த சீசன்ல மட்டும் 21 கோலுங்க.

2021க்கு அப்புறம் ஐ-லீக்ல அந்தப் பேரே இல்ல. தோத்துப் போனா அடுத்த வாரம் மேட்ச் இருக்கும். டீமே இல்லாமப் போனா என்ன பண்றது சொல்லுங்க? ஆரஞ்சு ஜெர்சி எங்கிட்ட இன்னும் இருக்குது, ஊட்டுல அம்மா ஒருக்கா வண்டி தொடைக்க எடுத்துட்டுப் போய்ட்டாங்க, மூணு நாள் பேசல நானு.

பையனுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்டேடியம் இருக்குது, உள்ள ஒரு டீம் ஆடுது. இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிருங்க.

பாலக்காட்டுக்காரன்:

ரெண்டு கப்பை வீட்ல வச்சுகிட்டு ஒருத்தர் இங்க அழுதுட்டு இருக்காரு. நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபேன், அதே ஐஎஸ்எல் டீம். 2014 ஃபைனல் கடைசி நிமிஷத்துல போச்சு, 2016 சொந்த ஊர் கொச்சில பெனால்டில போச்சு, 2022ம் பெனால்டி. மூணு ஃபைனல், கைல ஒண்ணும் இல்ல. ஆனா எங்க மஞ்சள் கூட்டத்தைப் பாத்தீங்களா? அதை வந்து பாருங்க முதல்ல.

அப்டன்பார்க்_பெடியன்:

வணக்கம் அண்ணை, நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில வளந்தனான், எனக்கு வெஸ்ட் ஹாம் எண்டது தெரிவு செய்த விசயமே இல்லை. சனிக்கிழமை அம்மாவோட கிரீன் ஸ்ட்ரீட்டில மரக்கறி வாங்கப் போனா ரோட்டு முழுக்க மெரூன் நிறம், நாங்கள் முருங்கைக்காய்ப் பையோட அந்தச் சனத்துக்குள்ளால நுழைஞ்சு வருவம். அப்பாக்கு கிரிக்கெட்தான், ஆனா எங்கட கடைக்கு வாற வெள்ளைக்காரக் கிழவர் ஒராள் எனக்கு ஸ்கார்ஃப் ஒண்டு தந்தவர், அதோட முடிஞ்சுது என்ர கதை.

2006 எஃப்ஏ கப் ஃபைனல், கார்டிஃபில, லிவர்பூலுக்கு எதிரா 3-2 எண்டு முன்னுக்கு நிக்கிறம், 90 நிமிசம் முடிஞ்சுது. ஜெரார்ட் எங்கயோ தூரத்தில நிண்டு ஒரு அடி. எனக்கு அப்ப 11 வயசு, பந்து வலைக்குள்ள போனதை விட அந்தக் கிழவர் தொப்பியைக் கழட்டி மடியில வச்சது தான் ஞாபகம். பிறகு பெனால்டியில தோத்தம்.

2016ல எங்கட பழைய கிரவுண்ட் அப்டன் பார்க்கில கடைசி மேட்ச், யுனைடெட்டை 3-2க்கு அடிச்சுப்போட்டு கிரவுண்டை மூடிட்டினம். இப்ப அதில ஃபிளாட் கட்டி சனம் இருக்கினம். ஸ்ட்ராட்ஃபோர்டில இருக்கிற ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனா பந்து எங்கயோ, நாங்கள் எங்கயோ. எனக்கு அது பெரிய இழப்பு, தோல்வியை விட.

ஆனா 2023 ஜூன், பிராக் நகரத்தில ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல், 90வது நிமிசம் ஜாரட் போவன் தனிய ஓடுறார்... 1980க்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெரிய கப். 43 வருசம் அண்ணை. கிழவர் அதுக்கு முதலே செத்திட்டார். அப்பா கடைப் பூட்டைத் திறந்து வாசல்ல போற வாற எல்லாருக்கும் சோடா குடுத்தவர், கிரிக்கெட் மனுசன்! பெடியனை இழுக்காதேங்கோ. ஒரு ஸ்கார்ஃபைக் குடுத்திட்டு பேசாம இருங்கோ.

வியாசர்பாடி_லெஃப்ட்விங்:

தலைவா, இதுல யோசிக்க இன்னா இருக்கு. எங்க ஏரியால தெருவுக்குத் தெரு ஃபுட்பால்தான், பேப்பர்ல குட்டி பிரேசில்னு எழுதுவானுங்க, எழுதிட்டு போய்டுவானுங்க, கிரவுண்டு மட்டும் அதே மண்ணு. 2018 செமிஃபைனல் கோவாவோட, நேரு ஸ்டேடியம், ஜேஜே ஒண்ணு போட்டு மூணு நிமிஷத்துல எங்க தனபால் கணேஷ் ஒண்ணு போட்டாரு. நம்ம ஏரியா ஆளு, நம்ம ஊரு கிரவுண்டு, நம்ம ஜெர்சி! என் பக்கத்துல நின்னவர் யாருன்னே தெரியாது, அவர் பொடனியில முத்தம் குடுத்துட்டேன். 3-0 மேட்ச்சு.

நந்தகுமாரும் எங்க ஏரியாதான். 2023 ஆகஸ்ட்ல கொல்கத்தா டெர்பில, அதாவது அந்த ஊரு ரெண்டு டீமும் மோதற மேட்ச்ல, ஈஸ்ட் பெங்காலுக்காக ஒத்த கோல் போட்டு மோகன் பகானை சாய்ச்சாரு, நாலரை வருஷமா அந்த டெர்பி ஜெயிக்காம கிடந்த கூட்டம் அது, வீடியோல பாரு, பெரியவங்க எல்லாம் அழுறாங்க. இங்க எங்க டீக்கடைல நாங்களும் அழுதோம், அது எங்க டீமே இல்ல! ஹாலண்ட் நல்ல பிளேயர்தான், ஆனா அவரு பையனைப் பாத்து கை காட்டுவாரா? இங்க மேட்ச் முடிஞ்சா கேட்டாண்ட நின்னா போதும்.

பெரியமேட்டுக்காரன்:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், அப்டேட். லண்டன் தம்பி சொன்ன மாதிரி ஸ்கார்ஃபை மட்டும் குடுத்துட்டு வாயை மூடிகிட்டேன். ஞாயித்துக்கிழமை அவனா வந்து ஏன் மாமா உன்னை மாடி அங்கிள் மோட்டார் மோட்டார்னு கூப்பிடறாருன்னு கேட்டான். சரின்னு 2015 ஹைலைட்ஸ் போட்டுக் காட்டினேன். மெண்டோசா கோலுக்கு குதிப்பான்னு பாத்தா அவன் பாட்டுக்கு உர்ர்னு உக்காந்திருக்கான். என்னடான்னு கேட்டா, அந்த கோல்கீப்பர் அண்ணா அப்புறம் ஆடினாரா மாமான்னு கேக்கறான். பத்து வருஷமா அந்த கோலை நூறு தடவை பாத்திருப்பேன், அந்தாளு என்ன ஆனாருன்னு ஒரு தடவை கூட நான் யோசிச்சதில்ல. யாருக்காவது தெரியுமா?

பாலக்காட்டுக்காரன்:

தெரியுமாவா? அந்தாளைப் பத்தி என்கிட்ட கேளுங்க. 2022 மார்ச் 20, அதே கோவா, அதே ஃபடோர்டா ஸ்டேடியம். ஹைதராபாத் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. எங்களோட ஃபைனல், 1-1, பெனால்டி ஷூட்அவுட். மனுஷன் மூணு பெனால்டியைத் தடுத்துட்டாரு, எங்க கப்பு போச்சு, நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. உங்களுக்கு 2015ல கப் குடுத்த அதே கைதான் எங்க கப்பைப் பிடுங்கினது. பையனுக்கு அந்த வீடியோவைக் காட்டுங்க. நான் இன்னொரு தடவை பாக்க மாட்டேன்.

கன்னர்_மதுரை:

யோவ், இது எனக்கும் தெரியாது. அதே ஸ்டேடியமா?!

பெரியமேட்டுக்காரன்:

காட்டிட்டேன். மூணாவது பெனால்டியைத் தடுத்தப்ப ஸ்கார்ஃபை சுத்திகிட்டு சோஃபா மேல ஏறிட்டான், அக்கா வந்து ரெண்டு பேரையும் திட்டினா. பாலக்காடு அண்ணே, உங்களுக்கு சாரி, ஆனா தேங்க்ஸ்.

ஹாலண்ட் ஜெர்சி இப்ப வேணாமாம். பயந்துகிட்டேதான் கேட்டேன், ஹைதராபாத் ஜெர்சியாடா? அந்த டீமே டெல்லிக்குப் போய்ட்டுதே, கோவை தங்கச்சி சொன்ன கதைதான். இல்ல மாமா, கிளவுஸ் போதும்னுட்டான். 10 வயசுப் பையனுக்கு கோல்கீப்பர் கிளவுஸ் என்ன சைஸ் வாங்கறதுன்னு யாராவது சொல்லுங்கப்பா, பர்த்டே வியாழக்கிழமை.