தாராவிக் குழந்தைகளுக்கு நடனம் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

மாட்டுங்கா வாசகி:
12 ஆண்டுகள் பரதம் பயின்ற நான், தாராவி 90 அடிச் சாலைக்கு அருகே நடக்கும் ஒரு மாலை வகுப்பில் ஞாயிறுதோறும் ஊதியமின்றிக் கற்பிக்க இசைந்திருக்கிறேன். 8 முதல் 13 வயது வரையிலான 20 குழந்தைகள் வருகிறார்கள். பரதத்தின் முதல் பாடமான, காலைத் தரையில் தட்டிப் பழகும் தட்டடவிலேயே தொடங்கினால் சலித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

செம்பூர் ஆசிரியை:
முதலில் தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டினால் குதிகாலும் முழங்காலும் நோகும். எனவே முதல் மாதம் கும்மியும் ஒயிலாட்டமும் போதும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையை, ஒரு லகுவும் (4 எண்ணிக்கை) இரண்டு துருதமுமாகக் (தலா 2 எண்ணிக்கை) கைகளில் போடப் பழகிவிட்டால், பிறகு தட்டடவுக்குச் சொல்லும் 'தெய்யா தெய்' என்ற தாளச் சொற்கட்டு தானாகவே காலில் இறங்கும். தாராவியில் திருநெல்வேலியை வேராகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. பாட்டிமார்களிடம் கும்மிப் பாட்டுக் கேட்டுவரச் சொல்லுங்கள், நாம் அறியாத பாட்டுகள் வரும்.

சயான் நாடகக்காரர்:
தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை அனுப்பினேன், அவள் மறுபடி வரவேயில்லை. நன்கொடையாளர் முன் ஆடவைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பெற்றோரின் ஒப்புதலின்றிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

மாட்டுங்கா வாசகி:
நன்றி. இந்த ஞாயிறு சலங்கையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.